டாட்ஃபைல்களை எப்படிப் பராமரிப்பது: சிம்லிங்க்கா, நகலா, நிக்ஸா?

ஷெல் (கட்டளைவரி), எடிட்டர், கிட் (கோப்புகளின் மாற்ற வரலாற்றைப் பதியும் கருவி), எஸ்எஸ்ஹெச் (தொலைக் கணினியில் நுழையும் கருவி) ஆகியவற்றின் அமைவுக் கோப்புகளை, அதாவது பெயர் புள்ளியில் தொடங்கும் டாட்ஃபைல்களை, பல கணினிகளில் ஒரே சீராக வைத்திருக்க எந்தக் கருவி நல்லது என்று கேட்டால் பெயர்கள் மளமளவென்று வந்து விழும்: ஸ்டோ, செஸ்மாய், யாடம், ஹோம் மேனேஜர், சின்க்திங், ஆன்சிபிள். இது எதுவும் வேண்டாம், வெறும் கிட் போதும் என்பவர்களும் உண்டு. எல்லாத் தரப்புக்கும் தீவிர பக்தர்கள் இருக்கிறார்கள். ஒப்பீட்டு அட்டவணைகளுக்கும் குறைவில்லை. வார்ப்புரு (ஒரே மூலத்திலிருந்து கணினிக்கேற்ற கோப்பை உருவாக்கும் அச்சு) உண்டா, குறியாக்கம் உண்டா, விண்டோஸில் ஓடுமா என்று கட்டம் கட்டமாகச் சரிக்குறி போட்டிருப்பார்கள். அதை வைத்து முடிவெடுத்தால் சரிக்குறி அதிகம் வாங்கிய கருவி ஜெயிக்கும். அது உங்களுக்குப் பொருந்துமா என்பது வேறு விஷயம்.

நான் இரண்டே கேள்விகளைக் கேட்பேன். ஒரு கோப்பைத் திருத்த நினைத்ததும் உங்கள் கை எங்கே போகிறது? உங்கள் கணினிகள் ஒன்றுக்கொன்று உண்மையில் எவ்வளவு வேறுபடுகின்றன? இவற்றுக்குப் பதில் தெரிந்தால் பாதிக் கருவிகள் தாமாகவே கழன்றுவிடும்.

முதல் கேள்விதான் அன்றாடத்தைத் தீர்மானிக்கிறது. வேலை மும்முரத்தில் ஒரு நீண்ட கட்டளையைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்ய எரிச்சலாக இருக்கிறது. பேஷ் என்ற ஷெல்லின் அமைவான பேஷ்ஆர்சி கோப்பைத் திறந்து ஒரு அலியாஸ் (சுருக்கப்பெயர்) வரியைச் சேர்த்துவிட்டு வேலைக்குத் திரும்புகிறீர்கள். அந்த வரி இப்போது எங்கே இருக்கிறது? சிம்லிங்க் முறையில் ஹோம் கோப்புறையில் (பயனரின் சொந்தக் கோப்புறை) இருப்பது களஞ்சியத்துக்குள் (கிட் கவனிக்கும் கோப்புறை) உள்ள கோப்பைச் சுட்டும் இணைப்பு மட்டுமே. ஆகவே நீங்கள் திருத்தியது களஞ்சியத்தையே. கமிட் செய்வதுதான், அதாவது மாற்றத்தைக் கிட்டில் பதிவதுதான், பாக்கி. நகல் முறையில் மூலம் ஓரிடத்தில், நகல் வேறிடத்தில். நீங்கள் தொட்டது நகலை. மூலத்துக்கு அது தெரியாது. ஹோம் மேனேஜர் பின்பற்றும் நிக்ஸ் முறையிலோ அந்தக் கோப்பில் எழுதவே முடியாது. இந்த மூன்றில் எது உங்கள் சுபாவத்துக்கு ஒத்துவரும் என்பதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் யோசிக்க வேண்டும். வசதிகளைப் பிறகு எண்ணிக்கொள்ளலாம்.

இரண்டாவது கேள்விக்குப் பலரும் மிகைப்படுத்தியே பதில் சொல்கிறார்கள். அலுவலகத்தில் மேக், வீட்டில் லினக்ஸ், தவிர ஓரிரண்டு சர்வர்கள் என்றால் எல்லாமே வேறு வேறு என்று தோன்றும். உட்கார்ந்து எழுதிப் பார்த்தால் பட்டியல் சிறியது. கமிட்டில் பதிய வேண்டிய மின்னஞ்சல் முகவரி அலுவலக வேலைக்கு ஒன்று, சொந்த வேலைக்கு வேறு. மென்பொருள் நிறுவியான ஹோம்ப்ரூ இன்டெல் மேக்கில் ஒரு பாதையிலும் ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் இன்னொரு பாதையிலும் உட்காருகிறது. எல்எஸ் கட்டளை வண்ணத்தில் காட்ட லினக்ஸில் ஒரு குறி, மேக்கில் வழக்கமாக வேறு குறி. 2019-இல் வந்த கேட்டலினா முதல் மேக்கின் இயல்பான ஷெல் இசட்எஸ்ஹெச். கூடவே வரும் பேஷ் 3.2 பதிப்பிலேயே நிற்பதால், பேஷ் 4-இல் வந்த வசதிகளை நம்பி எழுதிய வரிகள் அங்கே உடையும். இன்னும் நாலைந்து சேரலாம். அவ்வளவுதான்.

இவற்றில் பெரும்பாலானவற்றை அந்தந்த நிரல்களே சமாளித்துவிடும் என்பது வார்ப்புரு ஆர்வலர்கள் சொல்ல மறக்கும் செய்தி. 2017-இல் வந்த கிட் 2.13 முதல், களஞ்சியம் எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று பார்த்து அதற்கேற்ற இன்னொரு அமைவுக் கோப்பைச் சேர்த்துக்கொள்ளும் வசதி உண்டு. அலுவலகக் கோப்புறைக்குள் இருப்பவற்றுக்கு அலுவலக முகவரி, மற்றவற்றுக்குச் சொந்த முகவரி என்று நான்கு வரியில் முடித்துவிடலாம். 2016-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 7.3 முதல் அதன் அமைவுக் கோப்பும் இன்னொரு கோப்பைச் சேர்க்கும் இன்க்ளூட் வரியை ஏற்கிறது. ஷெல்லைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: ‘லோக்கல்’ என்ற பெயரில் ஒரு கோப்பு இருந்தால் அதையும் படி என்று கடைசியில் ஒரு வரி போதும். அந்த லோக்கல் கோப்பு களஞ்சியத்துக்குள் வராது. அந்தந்தக் கணினியிலேயே கிடக்கும். இப்படிப் பிரித்த பிறகும் ஒரே கோப்பின் நடுவில் கணினிக்குக் கணினி மாறும் வரிகள் மிஞ்சினால்தான் வார்ப்புரு தேவை. இன்க்ளூட் வசதியே இல்லாத ஜேசன் கோப்புகள் இதற்கு நல்ல உதாரணம்.

முழு ஹோம் கோப்புறையையும் அப்படியே களஞ்சியமாக்கிவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். அமைவும் குப்பையும் அங்கே ஒன்றாகக் கிடப்பதுதான் தடை. இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. யூனிக்ஸின் தொடக்க நாட்களில், ஒரு புள்ளியும் இரண்டு புள்ளிகளுமாக உள்ள கோப்புறைக் குறிகளைப் பட்டியலில் காட்டாமலிருக்க, பெயரின் முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்க்கும் குறுக்குவழி எல்எஸ் நிரலில் எழுதப்பட்டது என்றும், புள்ளியில் தொடங்கும் கோப்புகள் மறைந்துபோனது அதன் பக்கவிளைவு என்றும் யூனிக்ஸ் குழுவில் பணியாற்றிய ராப் பைக் 2012-இல் எழுதினார். மறைவாக இருக்கிறது என்றதும் ஒவ்வொரு நிரலும் தன் அமைவு, வரலாறு, தற்காலிகக் கோப்பு எல்லாவற்றையும் ஹோமில் கொட்டத் தொடங்கியது. அமைவுக்கு ஓரிடம், தரவுக்கு ஓரிடம், கேஷுக்கு ஓரிடம் என்று 2003-இல் எக்ஸ்டிஜி விதிமுறை வந்தது. பல நிரல்கள் இன்றைக்கும் அதைக் கண்டுகொள்வதில்லை. ஆகவே எந்தக் கருவியை எடுத்தாலும் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித்தான் சேர்க்க வேண்டியிருக்கும்.

வெறும் கிட்

கூடுதலாக எதையும் நிறுவ வேண்டாம் என்பவர்களின் வழி இது. கிட் தன் தகவல்களை வைத்துக்கொள்ளும் ‘பேர்’ (bare, வெற்று) களஞ்சியத்தை ஏதோ ஒரு மூலையில் உருவாக்கி, அதன் வேலைத்தளம் ஹோம் கோப்புறை என்று சொல்லிவிடுவது. இதற்கென ஓர் அலியாஸ் வைத்துக்கொள்வார்கள். சேர்க்காத கோப்புகளை நிலைப் பட்டியலில் காட்டாதே என்று ஓர் அமைவும் வேண்டும். இல்லாவிட்டால் ஹோமில் உள்ள அத்தனையும் திரையில் ஓடும். சிம்லிங்க்கும் இல்லை, நகலும் இல்லை. கோப்பு தன் இடத்திலேயே இருக்கிறது, அதையே கிட் கவனிக்கிறது. முதல் கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

அந்த ‘காட்டாதே’ அமைவு கண்ணை மட்டுமே மறைக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். அதே அலியாஸில் கிளீன் கட்டளையைக் கட்டாயக் குறியோடு கோப்புறைக் குறியும் சேர்த்துக் கொடுத்தால், களஞ்சியத்தில் சேராத எல்லாம் குப்பை என்று எடுத்துக்கொண்டு ஹோமில் உள்ள ஆவணங்களையும் படங்களையும் கிட் அழிக்கத் தொடங்கிவிடும். எல்லாவற்றையும் சேர் என்ற கட்டளையும் இங்கே விபரீதம்தான். புதிய கணினியில் முதல்முறை இறக்கும்போது இன்னொரு தடை: உபுண்டு போன்றவை புதுப் பயனருக்கு ஒரு பேஷ்ஆர்சி கோப்பை ஏற்கெனவே வைத்திருக்கும். அதன்மேல் எழுத மாட்டேன் என்று கிட் நின்றுவிடும். பழையதை நகர்த்திவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். கிட் கைவந்தவர்களுக்கு இதெல்லாம் தூசு. மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

யாடம் இதே உத்தியைப் பத்திரமாக உறையிட்டுத் தரும் ஒரு பேஷ் நிரல். கிட் கட்டளைகள் அப்படியே செல்லும். கோப்பின் பெயரோடு இயங்குதளத்தையோ கணினியின் பெயரையோ பின்னொட்டாகச் சேர்த்தால் பொருத்தமான வடிவத்தைத் தானே தேர்ந்தெடுக்கும். புதுக் கணினியில் ஓட வேண்டிய பூட்ஸ்டிராப் நிரலுக்கும் இரகசியக் கோப்புகளின் குறியாக்கத்துக்கும் இடம் உண்டு. வெறும் கிட் பிடிக்கும், ஆனால் கொஞ்சம் வேறுபாட்டைச் சமாளிக்க வேண்டும் என்பவர்களுக்கு இது போதும்.

ஸ்டோ

குனு ஸ்டோ டாட்ஃபைல்களுக்காகப் பிறந்ததே அல்ல. மூலநிரலிலிருந்து தொகுத்த மென்பொருள்களைத் தனித்தனிக் கோப்புறைகளில் வைத்து, பொதுவான இடத்திலிருந்து அவற்றுக்குச் சிம்லிங்க் போடுவதற்காக 1990-களில் பெர்ல் மொழியில் எழுதப்பட்டது. கிட்டுக்கு ஒரு கோப்புறை, எடிட்டருக்கு ஒரு கோப்புறை என்று களஞ்சியத்தில் பிரித்து வைத்து, இந்தக் கணினிக்கு இவை மட்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். சர்வரில் எடிட்டர் அமைவு மட்டும் போதுமென்றால் அதை மட்டும் இணைக்கலாம். கருத்து அவ்வளவுதான், ஒரே அமர்வில் கற்றுக்கொள்ளலாம். அந்த எளிமைக்காகவே எனக்கு இதன்மேல் ஒரு சாய்வு உண்டு.

ஆனால் இதன் இயல்பான நடத்தையில் ஒரு பொறி இருக்கிறது. சேரும் இடத்தில் ஒரு கோப்புறை இல்லாவிட்டால், உள்ளே உள்ள கோப்புகளைத் தனித்தனியாக இணைக்காமல் கோப்புறையையே ஒரு சிம்லிங்க்காகப் போட்டுவிடும். இதை மடித்தல் என்கிறார்கள். புத்தம்புதிய சர்வரை எடுத்துக்கொள்ளுங்கள். ஹோமில் கான்ஃபிக் கோப்புறை இன்னும் உருவாகவில்லை. நீங்கள் முதலில் நியோவிம் எடிட்டரின் அமைவை ஸ்டோ மூலம் இணைக்கிறீர்கள். இப்போது கான்ஃபிக் கோப்புறை முழுவதுமே உங்கள் களஞ்சியத்துக்குள் சுட்டுகிறது. அடுத்து ஏதோ ஒரு கட்டளைவரி நிரலில் உள்நுழைகிறீர்கள். சாவிகளைப் பாதுகாக்கும் வசதி இல்லாத சர்வர் என்பதால் அது தன் உள்நுழைவு டோக்கனைக் கான்ஃபிக் கோப்புறையில் வெறும் உரையாக எழுதி வைக்கிறது. எழுதப்பட்ட இடம் உங்கள் கிட் களஞ்சியம். அடுத்த முறை எல்லாவற்றையும் சேர்த்து கமிட் செய்து தள்ளினால் டோக்கனும் சேர்ந்து போய்விடும். மடிக்காதே என்ற குறியை ஸ்டோவின் சொந்த அமைவுக் கோப்பில் நிரந்தரமாக எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அதுவே இயல்பாக இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

சிம்லிங்க் முறை எதற்கும் பொதுவான இன்னொரு பலவீனமும் உண்டு. சில நிரல்கள் கோப்பை இருந்த இடத்திலேயே திருத்துவதில்லை. தற்காலிகக் கோப்பில் எழுதி, அதைப் பழைய பெயருக்கு மாற்றிவிடும். அப்போது சிம்லிங்க் போய் அந்த இடத்தில் உண்மையான கோப்பு உட்கார்ந்துவிடும். குனு செட் கட்டளை கோப்பை ‘அங்கேயே’ திருத்தும்போது செய்வதும் இதுதான். உங்கள் ஷெல் கோப்பில் ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளும் நிறுவல் நிரல் ஒன்று இந்த வழியைப் பின்பற்றினால் எந்த எச்சரிக்கையும் வராது. களஞ்சியத்தில் ஒரு வடிவம், ஹோமில் வேறு வடிவம் என்று விலகத் தொடங்கிவிடும். மேக்கில் இது இன்னும் கறாரானது: 2023-இன் சோனோமா முதல், செயலிகளின் விருப்பக் கோப்புகளைச் சிம்லிங்க்காக வைக்க முடிவதில்லை, அந்த உத்தியை நம்பியிருந்த, செயலிகளின் அமைவுகளைக் காப்புநகலெடுக்கும் மாக்அப் கருவியின் இணைப்பு முறை அத்தோடு பயனற்றுப்போனது. விண்டோஸில் சிம்லிங்க் போடவே நிர்வாகி உரிமையோ டெவலப்பர் மோடோ வேண்டும். யூனிக்ஸ் வகைக் கணினிகளும் உரைக் கோப்புகளும் மட்டும்தான் என்றால் ஸ்டோ சுகம். அதற்கு வெளியே போனால் சிரமம்.

செஸ்மாய்

கோ மொழியில் எழுதிய ஒற்றை நிரல். லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் ஓடும். களஞ்சியத்தில் இருப்பதை மூலமாகக் கொண்டு, ஹோமில் என்ன இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, வேறுபடுவதை மட்டும் எழுதும். டிஃப் கட்டளை என்ன மாறப் போகிறது என்று முன்கூட்டியே காட்டும். நகலை நீங்கள் நேரடியாகத் திருத்தியிருந்தால் அதன்மேல் சத்தமில்லாமல் எழுதாது. மாறியிருக்கிறதே, என்ன செய்யட்டும் என்று கேட்கும்.

இதன் உண்மையான பலம் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று வார்ப்புரு: இயங்குதளம், கணினியின் பெயர், நீங்களே தந்த தகவல் ஆகியவற்றைப் பார்த்து ஒரே மூலத்திலிருந்து கணினிக்கேற்ற கோப்பை உருவாக்கும். மற்றது இரகசியங்கள்: கோப்பை எழுதும் நேரத்தில் பிட்வார்டன், ஒன்பாஸ்வேர்ட், கீபாஸ்எக்ஸ்சி போன்ற கடவுச்சொல் பெட்டகங்களிலிருந்து மதிப்பை எடுத்துப் பொருத்தும். களஞ்சியத்தில் இரகசியத்தின் பெயர்தான் இருக்கும், இரகசியம் இருக்காது. இந்த இரண்டில் ஒன்று உண்மையிலேயே தேவைப்படுபவர் வேறு எதையும் தேடி அலைய வேண்டாம்.

விலை என்ன? முதலாவது, களஞ்சியம் பார்ப்பதற்கு அழகாக இருக்காது. கோப்பின் தன்மைகளைப் பெயரிலேயே முன்னொட்டாக எழுதுவதால் டாட், பிரைவேட், எக்ஸிக்யூட்டபிள் என்று நீளநீளப் பெயர்கள். இரண்டாவது, கை பழக வேண்டும். பேஷ்ஆர்சி கோப்பைத் திறக்காமல் செஸ்மாயின் எடிட் கட்டளை வழியாகத் திறக்க வேண்டும். மறந்து நகலைத் திருத்திவிட்டால் ரீ-ஆட் கட்டளை அதை மூலத்துக்குக் கொண்டுபோகும். ஆனால் வார்ப்புருக்களுக்கு அது செல்லாது. அங்கே நீங்களே ஒப்பிட்டு மூலத்தில் சேர்க்க வேண்டும். வார்ப்புரு அதிகமாக அதிகமாக இந்தக் கைவேலையும் அதிகமாகும். சாதாரணக் கோப்புகளுக்கு மட்டும் சிம்லிங்க் போடும் அமைவு செஸ்மாயிலேயே இருக்கிறது. வார்ப்புருவை நாலைந்து கோப்புகளோடு நிறுத்திக்கொண்டு மற்றவற்றுக்கு அதைப் பயன்படுத்தினால் ஸ்டோவின் வசதி பெருமளவு கிடைத்துவிடும்.

ஹோம் மேனேஜர்

இதைக் கோப்புப் பராமரிப்புக் கருவி என்று எண்ணிக்கொண்டு உள்ளே போகக் கூடாது. நிக்ஸ் மொழியில் எந்தெந்த மென்பொருள் வேண்டும், அவற்றின் அமைவு என்ன என்று சேர்த்தே எழுதுகிறீர்கள்; அது முழுவதையும் கட்டி, நிக்ஸ் ஸ்டோர் என்ற கோப்புறையில் வைத்து, ஹோமிலிருந்து இணைப்புப் போடுகிறது. ஒவ்வொரு மாற்றமும் ஒரு தலைமுறையாகப் பதிவாகும். கெட்டுப்போனால் முந்தைய தலைமுறைக்குத் திரும்பலாம். எடிட்டரின் அமைவும் எடிட்டரின் பதிப்பும் சேர்ந்தே நகர்வதால், அங்கே ஓடுகிறது இங்கே ஓடவில்லை என்ற வழக்கமான புலம்பலுக்கு இடமே இல்லை. மற்ற எதுவும் இதைத் தருவதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பதிலுக்கு, ஸ்டோரில் உள்ள கோப்புகளில் யாரும் எழுத முடியாது. மெனுவைத் திறந்து எழுத்தளவை மாற்றினால் செயலியால் அதைச் சேமிக்க முடியாது. ஓர் அலியாஸ் சேர்க்கவும் நிக்ஸ் கோப்பைத் திருத்தி மறுபடி கட்ட வேண்டும். ஸ்டோருக்கு வெளியே உள்ள கோப்பைச் சுட்டும் வழி உண்டு, ஆனால் எல்லாவற்றுக்கும் அதையே பயன்படுத்துவதென்றால் நிக்ஸ் எதற்கு? விண்டோஸில், லினக்ஸை உள்ளே ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வழியாக மட்டுமே வரும். நிர்வாகி உரிமை இல்லாத சர்வரில் நிறுவுவதே ஒரு போராட்டம். நிக்ஸ்ஓஎஸ் ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு இது இயல்பான அடுத்த அடி. டாட்ஃபைல்களுக்காக மட்டும் நிக்ஸ் கற்பது, எலியைப் பிடிக்க மலையைக் கெல்லுகிற வேலை.

சர்வர் அமைவைத் தானியக்கமாக்கும் ஆன்சிபிளுக்கும் ஏறக்குறைய இதே பதில்தான். அலுவலகத்தில் தினமும் எழுதுகிறீர்களா, எழுதுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

தானியங்கி ஒத்திசைவு

கணினிகளுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் சின்க்திங் அல்லது மேகக் கோப்புறை ஒன்றில் எல்லாவற்றையும் போட்டுவிட்டால் கமிட்டும் வேண்டாம், புல்லும் (மாற்றங்களை இழுத்துக்கொள்வதும்) வேண்டாம் என்ற ஆசை நியாயமானது. நான் இதற்கு எதிரானவன். ஷெல் கோப்பில் ஒரு மேற்கோள் குறியை மூட மறந்தால், நீங்கள் கவனிப்பதற்குள் அது எல்லாக் கணினிகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். இரண்டு இடங்களில் திருத்தியிருந்தால் சின்க்திங் தேதியிட்ட முரண்கோப்பு ஒன்றை அருகில் வைத்துவிட்டுப் போகும். அது அங்கே இருப்பதே பல நாள் தெரியாது. யார், எப்போது, ஏன் மாற்றினார் என்ற வரலாறு கிடையாது. நிரல்கள் அமைவுக்குப் பக்கத்திலேயே வைக்கும் எஸ்கியூலைட் தரவுத்தளங்கள் இரு பக்கமும் திறந்திருக்கும்போது ஒத்திசைந்தால் சிதைந்துபோகலாம். விஎஸ் கோட் போலத் தன் அமைவைத் தானே ஒத்திசைக்கும் செயலி என்றால் அதை அதனிடமே விட்டுவிடலாம். அதைக் களஞ்சியத்திலும் சேர்த்து இரட்டை வேலை செய்ய வேண்டாம்.

எந்தக் கருவி என்றாலும் எஸ்எஸ்ஹெச் கோப்புறையைத் தனியாகக் கவனிக்க வேண்டும். கோப்பை இயக்கலாமா என்பது ஒன்றைத்தான் கிட் நினைவில் வைக்கும். யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்பது அதற்கு ஒரு பொருட்டல்ல. குழுவுக்கும் எழுத்துரிமை தரும் யூமாஸ்க் (புதுக் கோப்பின் இயல்பான அனுமதி அமைவு) உள்ள கணினியில் களஞ்சியத்தைக் குளோன் செய்தால் (நகலெடுத்தால்) எஸ்எஸ்ஹெச் அமைவுக் கோப்பைக் குழுவினரும் திருத்தலாம் என்ற நிலையில் வந்து இறங்கும். அதைக் கண்டதும் எஸ்எஸ்ஹெச் இணையவே மறுத்துவிடும். செஸ்மாயின் பிரைவேட் முன்னொட்டு இதற்காகவே இருக்கிறது. யாடமும் எஸ்எஸ்ஹெச் கோப்புறையின் அனுமதிகளைத் தானே இறுக்கிக்கொள்ளும். ஸ்டோவிலும் வெறும் கிட்டிலும் நீங்கள்தான் அனுமதியை மாற்ற வேண்டும். அந்தரங்கச் சாவிகளைப் பொறுத்தவரை எதிலும் சேர்க்காதீர்கள். கணினிக்கு ஒரு சாவி என்று தனித்தனியாக உருவாக்குங்கள். ஒரு மடிக்கணினி தொலைந்தால் அதன் சாவியை மட்டும் ரத்து செய்தால் போதும். தவறி ஒரு டோக்கன் கமிட்டில் போய்விட்டால் அடுத்த கமிட்டில் அழிப்பதால் பயனில்லை, வரலாற்றில் அது இருந்துகொண்டே இருக்கும். டோக்கனையே மாற்றிவிட வேண்டும்.

இனி என் தேர்வு. எல்லாக் கணினிகளும் லினக்ஸ் அல்லது மேக், வேறுபாடுகள் இன்க்ளூட் வரிகளுக்குள் அடங்கிவிடும் என்றால் ஸ்டோ, மடிக்காத அமைவோடு. திருத்தத் தோன்றினால் நேராகக் கோப்பைத் திறக்கும் கைக்கு அதுதான் பொருந்தும். விண்டோஸ் கலந்திருந்தால், அல்லது கோப்புகளுக்குள் இரகசியம் வந்தே தீரும் என்றால், தயங்காமல் செஸ்மாய். ஒரே ஒரு கணினிதான், இன்னொன்று எப்போதாவது வரலாம் என்பவர் ஒரு சாதாரண கிட் கோப்புறையும் நாலு சிம்லிங்க் போடும் சிறு நிரலும் வைத்துக்கொண்டால் போதும். கோட்ஸ்பேசஸ் போன்ற மேகச் சூழல்களும் டாட்ஃபைல் களஞ்சியத்தில் அப்படி ஒரு நிறுவல் நிரல் இருந்தால் எடுத்து ஓட்டிக்கொள்கின்றன.

பின்னால் மனம் மாறினால் என்ன ஆகும் என்பதையும் இப்போதே பார்த்துவிடுவது நல்லது. சிம்லிங்க் அமைவைப் பயன்படுத்தாதவரை, செஸ்மாயை நீக்கினால் ஹோமில் இருப்பவை சாதாரணக் கோப்புகளாகவே தங்கிவிடும். ஸ்டோ களஞ்சியத்தை அழித்தால் இணைப்புகள் எல்லாம் அந்தரத்தில் தொங்கும். ஆனால் களஞ்சியத்தில் உள்ளவை உண்மையான கோப்புகள் என்பதால் முதலில் அவற்றைப் பழைய இடங்களுக்கு நகலெடுத்துவிட்டால் வேலை முடிந்தது. ஸ்டோவிலிருந்து செஸ்மாய்க்குப் போவதும் சுலபம்: சிம்லிங்க்கைப் பின்தொடர்ந்து உள்ளடக்கத்தை எடுத்துக்கொள்ளும் குறி அதன் ஆட் கட்டளையில் இருக்கிறது. செஸ்மாயிலிருந்து திரும்பி வருவதில், வார்ப்புருக்களைக் கணினிக்கொன்றாகப் பிரித்து எழுதும் வேலை மிஞ்சும். ஹோம் மேனேஜரிலிருந்து வெளியேறுபவருக்கு, அமைவு நிக்ஸ் மொழியில் எழுதப்பட்டிருந்த அளவுக்கு, கையில் கிடைப்பது அது உருவாக்கித் தந்த கோப்புகள் மட்டுமே. அவற்றை ஸ்டோரிலிருந்து நகலெடுத்து, குறிப்புரை எதுவும் இல்லாத அந்த வரிகளுக்கு மறுபடி ஒழுங்கு கொடுக்க வேண்டியிருக்கும்.